பின்கோடைப் பிரித்தால்: கணக்கு வாத்தியாரிடம் கேள்வி பதில்

அரூர் வாசகர்: சார், தருமபுரி பின்கோடு 636701 பகா எண்ணா? கடைசியில் 1 இருக்கிறதே!

கடைசியில் 1 இருந்தால் 2-ம் 5-ம் வகுக்காது என்று தெரியும், அவ்வளவுதான். 21-லும் கடைசியில் 1 தான். இலக்கங்களின் கூட்டுத்தொகை 23, அதனால் 3 வகுக்காது. 7, 11 இரண்டுக்கும் மீதி வரும். 13-ல் மீதியில்லாமல் வகுபடும். ஆக, பகு எண்.

எனக்குப் பிடித்தது பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மாவின் வழி. எண்ணை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதப் பார்ப்பது. கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் போட்டேன். வர்க்கமூலம் 798-க்குக் கொஞ்சம் குறைவு, அதனால் 798-ல் தொடங்கினேன். 798-ன் வர்க்கத்திலிருந்து நம் எண்ணைக் கழித்தால் 103. அது வர்க்கம் இல்லை. 799-க்கு 1700, 800-க்கு 3299, இரண்டும் இல்லை. 801-க்கு 4900. பேனாவைக் கீழே வைத்துவிட்டேன், அது 70-ன் வர்க்கம்! 801-ல் 70-ஐக் கழித்தால் 731, கூட்டினால் 871. இரண்டையும் பெருக்கினால் 636701. இன்னும் உடைத்தால் 13 × 17 × 43 × 67. எல்லா எண்ணுக்கும் நாலு வரியில் முடியாது. இங்கே இரண்டு காரணிகளும் வர்க்கமூலத்துக்குப் பக்கத்திலேயே இருந்தன.

காவேரிப்பட்டணம் வாசகர்: இதனால் என்ன பிரயோசனம்?

636701 மாங்காயை வரிசைக்கு 871 வீதம் 731 வரிசையாக மிச்சமில்லாமல் பரப்பலாம். வகுத்திகள் மொத்தம் 16. ஒற்றை வரிசையையும் சேர்த்து எட்டு விதமாகப் பரப்பலாம். களம்தான் பெரிசாக வேண்டும்.

பாலக்கோடு வாசகர்: இது என் செல் நம்பர். பகா எண்ணா?

நம்பரை எடுத்துவிட்டேன். செல் நம்பர், ஓடிபி எதையும் இங்கே போடாதீர்கள், எத்தனை தடவை சொல்வது! வீட்டில் நீங்களே சோதியுங்கள். வர்க்கமூலம் வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும்.

கிருஷ்ணகிரி வாசகர்: எங்கள் 635001?

3 × 17 × 12451. மூன்றுமே பகா எண்கள். வகுத்திகள் எட்டு.

தருமபுரி வாசகர்: எங்களுக்கு 16, அவர்களுக்கு எட்டுதானா!

கிருஷ்ணகிரி வாசகர்: உங்கள் காரணியில் பெரிசே 67 தானே? எங்களிடம் 12451 இருக்கிறது!

இரண்டு பேரும் 17-ஐக் கவனிக்கவில்லை. இரண்டு பின்கோடுக்கும் வித்தியாசம் 1700. அதனால் ஒன்றை 17 வகுத்தால் மற்றதையும் வகுத்தே தீரும். தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது 2004-ல், பின்கோடு முறை வந்தது 1972-ல். பாகப்பிரிவினைச் சண்டையை இதில் இழுக்காதீர்கள்.

ஓசூர் வாசகர்: எங்கள் 635109-ஐ விட்டுவிட்டீர்களே?

கிருஷ்ணகிரியோடு வித்தியாசம் 108. அதை 17 வகுக்காது. ஆக, ஓசூருக்கு 17 கிடையாது. 3 உண்டு.

ஊத்தங்கரை வாசகர்: 636701-ன் கூட்டுத்தொகை 23, அதையும் கூட்டினால் 5. ராசியான எண்ணா அய்யா?

9-ஆல் வகுத்தால் மீதி 5 வரும். அதற்கு மேல் அந்த 5-க்கு ஒன்றும் தெரியாது.

பென்னாகரம் வாசகர்: சார், 636701 பகா எண்ணா?

முதல் பதிலைப் படியுங்கள்.

மொரப்பூர் வாசகர்: கடைசியில் 1 வந்தால் பகா எண்தானே சார்?

21.