லக்கி டிராவுல விழுந்து ஹாலிடே மெம்பர்ஷிப் எடுத்தாச்சு, பைசா திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: நான் மார்த்தாண்டம் பக்கம், ரிட்டயர்டு டீச்சர். நாகர்கோவில்ல ஒரு துணிக்கடையில லக்கி டிராவுக்கு பேரு எழுதிப் போட்டேன். பரிசு விழுந்திருக்கு, சாரையும் கூட்டிட்டு வாங்கன்னு ஒரு ஹோட்டலுக்குக் கூப்பிட்டாங்க. மூணு மணி நேரம் பேசி, பத்து வருஷ ஹாலிடே கிளப் மெம்பர்ஷிப்னு 1,40,000 ரூபா வாங்கிட்டாங்க, அதுல பாதி கார்டு இ.எம்.ஐ. ஒன்றரை வருஷம் ஆச்சு. மூணாறு கேட்டாலும் கோவா கேட்டாலும் சீசன், ரூம் இல்லன்னுதான் பதில். இப்ப வருஷ மெயின்டனன்ஸ் 12,000 கட்டலன்னா சட்ட நடவடிக்கைன்னு மெசேஜ் வருது. மெம்பர்ஷிப்ப வித்துத் தாறேன், 18,000 கட்டுங்கன்னு இன்னொருத்தர் தினமும் கூப்பிடுறாரு. நான் என்ன செய்யணும்?

பதில்: டீச்சர், முதல்ல அந்த 18,000. ஒத்த பைசா குடுக்காண்டாம். உங்க மத்த கேள்வி எல்லாம் நாளைக்குப் பாத்துக்கலாம், இது இன்னைக்கே. அந்த ஆளுக்கு உங்க பேரு, மெம்பர்ஷிப் நம்பர், நீங்க கட்டுன தொகை எல்லாம் எப்படித் தெரிஞ்சுதுன்னு ஒரு நிமிஷம் யோசிங்க. லிஸ்ட் எங்கயோ இருந்து கைமாறி வந்திருக்கு, அவ்வளவுதான். 'பார்ட்டி ரெடி, நாலு லட்சத்துக்குக் கேக்குறாங்க, டிரான்ஸ்ஃபர் ஃபீஸ் மட்டும் கட்டுங்க'ன்னு தொடங்குவான், கட்டுனா அடுத்து ஜி.எஸ்.டி.ன்னு ஒண்ணு, அப்புறம் என்.ஓ.சி. (ஆட்சேபம் இல்லன்னு தர்ற சர்டிபிகேட்) சார்ஜ்னு ஒண்ணு, அதையும் கட்டினீங்கன்னா போன் ஸ்விட்ச் ஆஃப். ஏற்கனவே ஒரு தடவ ஏமாந்தவங்களத் தேடித்தான் இவங்க வருவாங்க. வாங்க ஆள் இருக்கிறது உண்மைன்னா அவன் கமிஷன விக்கிற பைசாவுல கழிச்சுக்கட்டும், முன்னாடி எதுக்கு கேக்கணும்? இதை வாசிக்கிற வேற யாராவது இப்படிக் கட்டியிருந்தா உடனே 1930-க்கு போன் பண்ணுங்க, ஆன்லைன் பண மோசடிக்கு உள்ள நம்பர் அது. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுறீங்களோ அவ்வளவு நல்லது, பைசா அக்கவுண்டு மாறிப் போறதுக்குள்ள மடக்கணும்.

இனி உங்க விஷயம். நாமளே மெம்பராச்சே, மெம்பர் எப்படி கிளப் மேல கேஸ் போடன்னு உங்களுக்குத் தயக்கம் வரலாம். பொழுதுபோக்குன்னு பைசா கட்டுற இடம் நம்ம ஊர்ல மூணு வகை உண்டு. ஒண்ணு அரசு நடத்துறது, பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் ஓட்டுற கன்னியாகுமரி படகு மாதிரி. ரெண்டாவது, ஆளுங்க சேந்து 1975-ம் வருஷ சங்கப் பதிவுச் சட்டத்துல பதிவு பண்ணி நடத்துற மன்றம், அங்க பொதுக்குழு உண்டு, ஓட்டு உண்டு, வரவு செலவு கேக்கலாம். மூணாவது லாபத்துக்கு நடத்துற கம்பெனி. உங்களுக்கு ஓட்டு உண்டா, கணக்கு காட்டுனாங்களா? இல்ல. அப்ப அட்டையில என்ன அச்சடிச்சிருந்தாலும் நீங்க பைசா குடுத்து சேவை வாங்குன நுகர்வோர். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல சேவைன்னா என்னன்னு சொல்ற இடத்துல தங்குமிடம், பொழுதுபோக்கு எல்லாம் பேரு சொல்லியே இருக்கு. விற்பனைக்காக லக்கி டிரா நடத்துறதும், குடுக்கிற எண்ணமே இல்லாம பரிசு சொல்றதும் நியாயமற்ற வணிக முறைன்னும் அதே சட்டம் சொல்லுது. 'பணம் திரும்பத் தரப்படாது'ன்னு பொடி எழுத்துல போட்டிருக்கிறதப் பாத்து பேடிக்காண்டாம், கேஸ் டெல்லி கோர்ட்டுலதான் போடணும், ஆர்பிட்ரேஷன்தான் (கோர்ட்டுக்குப் போகாம நடுவர் வச்சுத் தீக்கிறது)னு எழுதியிருந்தாலும் நீங்க குடியிருக்கிற ஊருக்கு உள்ள மாவட்ட நுகர்வோர் கமிஷன்ல, அதாவது நாகர்கோவில்லயே போடலாம்.

மெயின்டனன்ஸ் பைசா கட்டலன்னு போலீஸ் வீட்டுக்கு வராது. ஆனா சும்மா இருந்துராதீங்க. 'ரூம் கேட்ட தேதி இன்னின்னது, தரல, அதனால மெம்பர்ஷிப்ப ரத்து பண்றேன், கட்டுன தொகைய 15 நாளுக்குள்ள திருப்பித் தரணும், மெயின்டனன்ஸ் கட்ட முடியாது'ன்னு ஒரு பக்கத்துல எழுதி ஸ்பீட் போஸ்ட்டுல அனுப்புங்க, அதையே ஈமெயில்லயும் போடுங்க. போன்ல பேசி முடிக்க நெனைக்காதீங்க, போன்ல அவங்க சொல்றது எதுக்கும் நம்ம கையில ஆதாரம் இருக்காது. வாட்ஸ்ஆப் மெசேஜ அழிக்காண்டாம், பேரப்பிள்ளைங்க கையில போன குடுத்து ரீசெட் பண்ண விட்டுராதீங்க. இ.எம்.ஐ.-ய மட்டும் நிறுத்தாதீங்க, அது உங்களுக்கும் பேங்குக்கும் உள்ள கடன், கோபத்துல நிறுத்துனா சிபில் ஸ்கோர் போகும், வட்டி ஏறும், அந்த கம்பெனிக்கு ஒரு நஷ்டமும் இல்ல.

1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, போன் பண்ணி புகார் போடலாம், போடுங்க, சில நேரம் அதுலயே வழிக்கு வருவாங்க. ஆனா அது சமரசம் பேசுற இடம், உத்தரவு போடுற அதிகாரம் அதுக்குக் கிடையாது. இங்கதான் ஆளுங்க கோட்டை விடுறது, அதனால கொஞ்சம் நீட்டிச் சொல்றேன். கமிஷன்ல கேஸ் போட ரெண்டு வருஷம்தான் டைம். எந்தத் தேதியில இருந்து ரெண்டு வருஷம்? ரூம் இல்லன்னு சொன்ன நாளா, பைசா தர முடியாதுன்னு சொன்ன நாளா, கையெழுத்துப் போட்ட நாளா, இதுலதான் எதிர்த்தரப்பு வக்கீல் வாதாடுவாரு. நீங்க அந்த வம்புக்கே போகாம கையெழுத்துப் போட்ட நாள்ல இருந்தே எண்ணுங்க, உங்களுக்கு இன்னும் ஆறு மாசம்தான் இருக்குன்னு வச்சுக்கிடுங்க. நடுவுல எத்தன லெட்டர் எழுதுனாலும், 1915-ல புகார் போட்டு வச்சிருந்தாலும் அந்த ரெண்டு வருஷம் நீளாது. 'ரீஃபண்ட் பிராசஸ்ல இருக்கு மேடம், அடுத்த மாசம்'னு இழுக்கிறதே இதுக்காகத்தான். ரெண்டு வருஷம் தாண்டினாலும் தகுந்த காரணம் காட்டி மனு போட்டா கமிஷன் தாமதத்த மன்னிக்கலாம்னு சட்டத்துல இருக்கு, ஆஸ்பத்திரியில கிடந்தேன்னா டிஸ்சார்ஜ் சம்மரி வைக்கணும், சும்மா தெரியாமப் போச்சுன்னா எடுபடாது. பத்து வருஷ சேவை, வருஷா வருஷம் குறைபாடு தொடருதுன்னும் வாதாட வழி உண்டு, சில கேஸ்ல எடுபடும் சில கேஸ்ல படாது. வாதாட வழி இருக்குன்னு நம்பி உக்காந்திராதீங்க, ஆறு மாசத்துக்குள்ள போடுங்க.

அஞ்சு லட்சம் வரைக்கும் கட்டுன தொகைக்கு கமிஷன்ல கட்டணமே கிடையாது, நுகர்வோர் கேஸ் போடுறதுக்கு உள்ள அரசு வெப்சைட்டான இ-ஜாக்ரிதி போர்ட்டல்ல வீட்டுல இருந்தே போடலாம், வக்கீல் வைக்கணும்னு கட்டாயமும் இல்ல, நீங்களே பேசலாம். ஆபீஸ் வாசல்ல 'ஃபார்ம் பூர்த்தி பண்ணித் தாறேன், உள்ள ஆளு தெரியும்'னு சொல்றவங்ககிட்ட போய் விழுந்திராதீங்க. எவ்வளவு நாள் ஆகும்னு கேட்டா, சட்டப்படி எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைச்சதுல இருந்து மூணு மாசம். அவங்க பதில் போட 30 நாள், ரொம்பப் போனா இன்னும் 15 நாள், 45-க்கு மேல ஒரு நாள் கூட தரக்கூடாதுன்னு 2020-ல சுப்ரீம் கோர்ட் அரசியல் சாசன அமர்வே சொல்லியாச்சு. ஆனா நடப்புல வாய்தா மேல வாய்தா, கமிஷன்ல கேஸ் விசாரிக்கிற உறுப்பினர் பதவி காலியா கிடந்தா நிரப்ப ஆள் கிடையாது, வயசானவங்க பஸ் ஏறி வந்து தேதி மட்டும் வாங்கிட்டுப் போறத பாக்கும்போது வயிறு எரியுது. மூணு மாசம்னு எழுதி வச்ச அரசாங்கத்துக்கு அதுக்குத் தேவையான ஆளப் போடணும்னு தெரியாதா? ஒரு வருஷத்துக்கு மேல ஆகலாம்னு மனசத் தயார் பண்ணிட்டே போடுங்க, போடாம மட்டும் விட்டுராதீங்க.

நோட்டீஸ் போனதும் அங்கேருந்து குரல் மாறும், பாத்துக்கிடுங்க. இத்தன நாள் இல்லாத ரூம் திடீர்னு வரும், 'ஒரு வாட்டி மூணாறு போயிட்டு வாங்க மேடம், அப்புறம் பேசலாம்'பாங்க. போகாண்டாம். போனீங்கன்னா சேவையப் பயன்படுத்திட்டாங்கன்னு அதையே பதில்ல எழுதுவாங்க. பாதித் தொகை தாறோம், முழுசும் தீந்துதுன்னு இதுல கையெழுத்துப் போடுங்கன்னு பேப்பர் அனுப்புனா, பைசா உங்க அக்கவுண்டுல ஏறுன பிறகுதான் பேனாவ எடுக்கணும், எவ்வளவுக்கு ஒத்துக்கிடலாம்ங்கிறத சார்கூட இப்பவே பேசி முடிவு பண்ணி வச்சுக்கிடுங்க.