சர்க்கரையை விட்டுச் சப்பாத்திக்கு மாறினால் போதுமா?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். அப்பாவுக்கு நீரிழிவு என்று தெரிந்த நாளிலிருந்து சர்க்கரை, இனிப்பு, மாம்பழம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். இரவில் சோற்றுக்குப் பதில் சப்பாத்தி, காலையில் கேழ்வரகுக் கூழ் என்று மாற்றிக்கொண்டார். அப்படியும் இரத்தச் சர்க்கரை அளவு இறங்கவில்லை. இன்னொரு பக்கம், மாவுச்சத்தே (கார்போஹைட்ரேட்) நஞ்சு, அதை அடியோடு விட்டுவிடுங்கள் என்று காணொளிகளில் சொல்கிறார்கள். இரண்டில் எதை நம்புவது, மாம்பழம் கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். நான் மருத்துவன் அல்லன். சேலம் அம்மாபேட்டையில் வாழ்பவன். பல ஆண்டுகளாக நீரிழிவுள்ள என் தாயாருக்கு எந்த வேளைக்கு என்ன உணவு என்பதைக் கவனித்துக்கொள்பவன். அந்தப் பொறுப்பின் காரணமாகவே இவற்றைத் தேடிப் படித்தவன்.

பரவலாகச் சொல்லப்படும் அறிவுரையில் முக்கியமான பாதி விடுபட்டிருக்கிறது என்பதே என் கருத்து. எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்று அது பட்டியல் கொடுக்கிறது. எவ்வளவு சாப்பிடலாம் என்பதையும், குறைத்த இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்பதையும் சொல்லாமல் விட்டுவிடுகிறது. உங்கள் அப்பா சொன்னதை எல்லாம் கேட்டு நடந்தும் பலன் கிடைக்காததற்கு இதுவே பெரும்பாலும் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

கணக்காகவே பார்ப்போம். ஒரு நாளைக்கு இரண்டு முறை காபி குடிப்பவர், ஒவ்வொன்றுக்கும் ஒரு தேக்கரண்டி போட்டால், உள்ளே போகும் சர்க்கரை ஏறத்தாழ 10 கிராம். சமைத்த வெள்ளைச் சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து உண்டு. மதியம் சாம்பார், ரசம், மோர் என்று மூன்று முறை சோறு போட்டுக்கொள்ளும் நம் வீடுகளில் ஒரு வேளைக்கு 300 கிராம் சோறு என்பது அதிகமான அளவே இல்லை. அதில் 84 கிராம் மாவுச்சத்து வந்துவிடுகிறது. வெள்ளைச் சர்க்கரையின் மூலக்கூறில் பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். சோற்றின் மாவுச்சத்தோ முழுக்க முழுக்கக் குளுக்கோஸ் சங்கிலி. செரித்து முடிந்ததும் அத்தனையும் குளுக்கோஸாகவே இரத்தத்தில் சேர்கிறது. ஆகவே காபியில் சர்க்கரையை விட்ட மனிதர் பெரிய தியாகம் செய்துவிட்ட நிம்மதியில், சோற்றில் கை வைக்காமல் இருந்தால், இரத்தத்தில் ஏறும் குளுக்கோஸில் சிறு பங்கை மட்டுமே குறைத்திருக்கிறார். இதனால் சர்க்கரை நல்லது என்று ஆகிவிடாது. ஃபிரக்டோஸ் அளவு மீறும்போது கல்லீரலில் கொழுப்பு சேர வழி செய்கிறது. குளிர்பானங்களை முற்றிலும் விட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. சேர்க்கப்படும் சர்க்கரை மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்கும் கீழே இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் நம்மூர்த் தட்டில் பெரிய பங்கு வேறிடத்தில் இருக்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில், சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வின் உணவு பற்றிய பகுதி 2025இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வெளியானது. இந்தியர்களுக்குக் கிடைக்கும் ஆற்றலில் சராசரியாக 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்பது அதன் முதல் செய்தி. மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைக்காமல், தீட்டிய அரிசிக்குப் பதிலாக முழுக் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைப்பதால் நீரிழிவு அபாயம் குறைவதாகத் தெரியவில்லை என்பது இரண்டாவது செய்தி. ஆற்றலில் 5 சதவீதத்தை மட்டும் மாவுச்சத்திலிருந்து எடுத்துப் பருப்பு போன்ற தாவரப் புரதத்துக்கோ பால் புரதத்துக்கோ மாற்றியபோது அபாயம் குறைவதாகக் கண்டார்கள். ஒரு காலத்து நிலவரத்தை அளந்து பார்த்த ஆய்வு இது, ஆகவே காரணத்தை முற்றாக நிறுவிவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனாலும் 'அரிசியை விடு, சப்பாத்திக்கு மாறு' என்ற வாக்கியத்தை இனியும் அப்படியே சொல்லிக்கொண்டிருப்பது நியாயமாக எனக்குத் தோன்றவில்லை. மூன்று சப்பாத்தியையும் உருளைக்கிழங்குக் குருமாவையும் சாப்பிட்டு எழுபவருக்கு நடந்திருப்பது தானியத்தின் பெயர் மாற்றம் மட்டுமே.

சேலத்தில் இருப்பவர்களுக்கு இந்தப் பெயர் மாற்றத்தின் ஆபத்து இன்னும் அதிகம். நம் மாவட்டத்தின் அடையாளமான ஜவ்வரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். 1981இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கமும், 2023இல் கிடைத்த புவிசார் குறியீடும் நமக்குப் பெருமை. மரவள்ளி என்ற குச்சிக்கிழங்கு விளைவிக்கும் எத்தனையோ குடும்பங்களின் வாழ்வு அதில் இருக்கிறது. ஆனால் கிழங்கை அரைத்து, பாலை வடித்து, படிய வைத்து, நாரை எல்லாம் நீக்கிய பிறகு எஞ்சும் மாவையே உருட்டி ஜவ்வரிசி ஆக்குகிறார்கள். அதில் புரதம் இல்லை என்றே சொல்லலாம், நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் வெறும் மாவுச்சத்து. 'வயிற்றுக்கு லேசானது' என்று சொல்லி நீரிழிவுக்காரருக்கு ஜவ்வரிசிக் கஞ்சி கொடுப்பதையும், விரத நாளில் சோறு கூடாது என்று ஜவ்வரிசி உப்புமா செய்து வைப்பதையும் நான் பல வீடுகளில் பார்க்கிறேன். வேகமாகச் செரிப்பதனால்தான் அது லேசாக இருக்கிறது. அந்த வேகமே நீரிழிவுக்காரருக்குச் சிக்கல்.

வெல்லமும் நாட்டுச்சர்க்கரையும் அப்படியே. செவ்வாய்பேட்டையில் வாங்கும் அச்சு வெல்லத்தில் இரும்புச்சத்தும் தாதுக்களும் சிறிதளவு இருக்கலாம். அதன் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். போதாததற்கு, நம் மாவட்டத்தில் வெல்லத்தில் வெள்ளைச் சர்க்கரையையே கலக்கிறார்கள் என்று உணவுப் பாதுகாப்புத் துறையினர் சோதனை நடத்திய செய்திகள் அடிக்கடி வருகின்றன. இரத்தத்தில் குளுக்கோஸ் ஏறும் விஷயத்தில் வெல்லத்துக்கும் தேனுக்கும் கருப்பட்டிக்கும் தனிச் சலுகை கிடையாது.

சிறுதானியத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் பாதி உண்மை இருக்கிறது. 100 கிராம் அரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து என்றால் கேழ்வரகிலும் சாமையிலும் அது 65 முதல் 67 கிராம் வரை. அரிசியைவிட அவற்றில் நார்ச்சத்து கூடுதல், கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து மிக அதிகம். நல்ல தானியங்கள் என்பதில் ஐயமில்லை. 'ஏற்காட்டு மலைக்காரர்கள் சாமை சாப்பிட்டார்கள், அவர்களுக்கு இந்த நோயெல்லாம் இல்லை' என்று சொல்லும்போதுதான் கணக்குத் தப்புகிறது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் பழங்குடிகளான மலையாளி மக்களுடைய பெரியவர்கள் உண்டது உரலில் குத்திய, தவிடு முற்றிலும் போகாத சாமை. அதனுடன் மொச்சையும் அவரையும் துவரையும் காட்டுக் கீரையும் சேர்ந்திருந்தன. அந்தச் சாமையை விளைவிக்கச் சரிவில் ஏறி இறங்கி உழைத்த உழைப்பும் கூட இருந்தது. இன்று நகரத்துக் கடையில் பொட்டலத்தில் கிடைப்பது பெரும்பாலும் அரிசியைப் போலவே வெளுக்கத் தீட்டிய சாமை. அதை வாங்கி வந்து, அரிசிச் சோற்றின் அதே அளவில் வடித்து, அதே குழம்பை ஊற்றி, நாற்காலியில் அமர்ந்து உண்டால் மலையின் பலன் எங்கிருந்து வரும்? கேழ்வரகை நைசாக அரைத்துக் கூழாகக் காய்ச்சும்போது அது செரிக்கும் வேகமும் கூடிவிடுகிறது. உங்கள் அப்பா காலையில் குடிப்பது இந்தக் கூழ்தான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இந்த இடத்தில் பலர் அமெரிக்கக் கதையைக் கொண்டுவருகிறார்கள். 1967இல் சர்க்கரையின் மீதான பழியைக் கொழுப்பின் பக்கம் திருப்பிய ஒரு மருத்துவக் கட்டுரைக்கு அந்நாட்டுச் சர்க்கரைத் தொழில் அமைப்பு பணம் கொடுத்திருந்தது என்பதும், அது 2016இல் ஆவணங்களோடு வெளியானது என்பதும் உண்மை. 1992இல் அமெரிக்க வேளாண்மைத் துறை வெளியிட்ட உணவுப் பிரமிடு ரொட்டியையும் அரிசியையும் அடித்தளத்தில் வைத்ததும் உண்மை. ஆனால் நம் தட்டில் சோறு குவிந்ததற்கு அந்தப் பிரமிடு காரணம் அன்று. வயிறு நிறைய மலிவாகக் கிடைத்தது அரிசி. ஆலைகள் வந்தபின் அது வெள்ளையாகக் கிடைத்தது. 2011 முதல் நியாயவிலைக் கடையில் இலவசமாகவும் கிடைக்கிறது. பெரும்பாலான அரிசி அட்டைகளுக்கு மாதம் 20 கிலோ வரை அரிசி கொடுக்கும் அதே கடையில் துவரம் பருப்பு 1 கிலோ. இந்த அரிசியால் பசி ஒழிந்தது. அதன் மதிப்பை நான் ஒருபோதும் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்று 2023இல் ஆய்வு சொன்ன பிறகும், அந்த 20க்கு 1 என்ற விகிதத்தை யாரும் கேள்வி கேட்காமல், நோயாளியின் நாக்கை மட்டும் குறை சொல்வது எனக்கு வருத்தமளிக்கிறது. தானியத்திலிருந்து வரும் ஆற்றல் 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்று ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே சொல்லியிருக்கிறது. அதிகாரபூர்வமான அறிவுரை மாறிவிட்டது. அது நோயாளியின் கையில் கிடைக்கும் அறிவுரைத் தாளுக்கும் நியாயவிலைக் கடைக்கும் இன்னும் வந்து சேரவில்லை.

மாவுச்சத்தே நஞ்சு என்பவர்களோடும் நான் உடன்படவில்லை. அமெரிக்காவில் 609 பேரை இரு பிரிவாக்கி ஓராண்டு பார்த்த ஆய்வு 2018இல் வெளியானது. கொழுப்பைக் குறைத்தவர்களுக்கும் மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்கும் எடை குறைந்ததில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதே ஆண்டில் வெளியான பிரிட்டன் ஆய்வில், மொத்த உணவையே வெகுவாகக் குறைத்து எடையை இறக்கியவர்களில் 46 சதவீதம் பேர் ஓராண்டு முடிவில் மருந்தில்லாமலேயே நீரிழிவு அளவுக்குக் கீழே இருந்தார்கள். வழக்கமான சாப்பாட்டுக்குப் பதில் அவர்கள் முதலில் உண்ட மாற்றுணவில் பாதிக்கு மேல் மாவுச்சத்துதான். உடல் பருமன் இருந்தால் எடை குறைவதும் அதே அளவுக்கு முக்கியம் என்பதை இது காட்டுகிறது. சோற்றை முற்றிலும் நிறுத்திவிட்டு இறைச்சியும் வெண்ணெயுமாக ஆறு மாதம் இருந்து, பிறகு தாங்க முடியாமல் பழைய அளவுக்கே திரும்பிவிடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆயுள் முழுவதும் கடைப்பிடிக்கக்கூடிய ஒன்றே நீரிழிவுக்கு உதவும்.

எங்கள் வீட்டில் செய்வதைச் சொல்கிறேன். 2000 கலோரி உண்பவர் 62 சதவீதத்திலிருந்து 50 சதவீதத்துக்கு வர வேண்டுமானால் நாளொன்றுக்கு 60 கிராம் மாவுச்சத்தைக் குறைக்க வேண்டும். ஏறக்குறைய 200 கிராம் சோறு. அம்மாவுக்கு மதியம் சோற்றை ஒரே முறை, அளந்த கரண்டியால் போடுகிறோம். முதலில் பொரியலும் கூட்டும், பிறகு கொள்ளுப் பருப்போ முட்டையோ, கடைசியில் சோறு. நாமக்கல் பக்கத்திலேயே இருப்பதால் முட்டை நமக்கு எட்டாத பொருள் அன்று. சைவம் என்றால் கொள்ளு, பச்சைப்பயறு, நிலக்கடலை, தயிர், பனீர் இருக்கின்றன. பருப்பிலும் பாதிக்கு மேல் மாவுச்சத்து உண்டு என்பதால், சோற்றைக் குறைக்காமல் பருப்பை மட்டும் கூட்டுவது பலன் தராது. மாலையில் கடைவீதித் தட்டுவடை செட்டுக்குப் பதில் அவித்த கடலை. உணவுக்குப் பிறகு தெருவில் சிறிது நடை. சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பார்த்தால் எந்த உணவு உங்கள் அப்பாவின் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்பது தெரிந்துவிடும். 180க்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் வயிற்று அளவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது தெரியவே தெரியாது.

ஒன்றை மட்டும் தவறவிடாதீர்கள். அவர் இன்சுலினோ, கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொண்டிருந்தால், மருந்தின் அளவை மாற்றாமல் சோற்றைத் திடீரென்று குறைப்பது ஆபத்து. சர்க்கரை மிகவும் தாழ்ந்து மயக்கம் வரலாம். டாபாகிளிஃபிளோசின் வகை மாத்திரை எடுப்பவர் மாவுச்சத்தை மிகக் குறைத்தால் இரத்தம் அமிலமாகும் அபாயமும் உண்டு. சிறுநீரகக் குறைபாடு இருந்தால் புரதத்தைக் கூட்டுவதற்கு முன் மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும். 'சோற்றைப் பாதியாகக் குறைக்கப் போகிறோம், மருந்தை எப்படி மாற்றுவது' என்று நேராகக் கேளுங்கள். எவ்வளவு குறைக்கிறோம் என்று சொல்லிக் கேட்டால் மருத்துவருக்கும் பதில் சொல்வது எளிது.

மாம்பழம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பழுத்த மாம்பழம் 100 கிராமில் மாவுச்சத்து சுமார் 15 கிராம். 55 கிராம் சோற்றுக்குச் சமம். சீசனில் மல்கோவா வாங்கினால், அளவு கட்டுக்குள் இருக்கும் நாளில், ஒரு துண்டை மதியச் சோற்றில் அந்த அளவைக் குறைத்துக்கொண்டு அப்பாவுக்குக் கொடுக்கலாம். சாறாகப் பிழிந்து மட்டும் கொடுக்காதீர்கள்.