வேட்பாளருக்கு மைக் கொடுக்கலாமா?

கேள்வி: தேர்தல் வந்தால் வேட்பாளர்கள் ஆராதனைக்கு வந்து இரண்டு நிமிஷம் பேசக் கேட்கிறார்கள். விடலாமா போதகரே? (வாசகர், குடியாத்தம்)

பதில்: வரட்டும், உட்காரட்டும், மைக் மட்டும் கிடையாது. போன முறை ஒருவர் சால்வையோடு நேரே பிரசங்க மேடையில் ஏறப் பார்த்தார். பாட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுத்து முன் பெஞ்சில் உட்கார வைத்தேன், நான்கு சரணமும் பாடினார் பாவம். நாங்கள் பாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபைக்காரர்கள், அரசு வேறு சபை வேறு என்பது எங்கள் பழைய பிடிவாதம்: 1612-லேயே இங்கிலாந்தில் எங்கள் முன்னோடி தாமஸ் ஹெல்விஸ், ஆத்துமாக்கள் மேல் ராஜாவுக்கு அதிகாரம் இல்லை என்று ராஜாவுக்கே எழுதிச் சிறைக்குப் போனார். விவரம் தெரிந்து அவரவரே கேட்டு வந்தால்தான் ஞானஸ்நானத்துக்குத் தண்ணீரில் முழுக்குகிறோம். ஓட்டையும் அப்படி அவரவரிடமே விட்டுவிடுகிறேன். ஆனால் பாலாற்றில் தோல் கழிவு கலப்பதைப் பற்றிப் பிரசங்கத்தில் பேசத்தான் செய்வேன், அதையும் அரசியல் என்றால் சரி, சொல்லிக்கொள்ளட்டும்.