டெலிபதி: பயிற்சியா, பிறப்பா?

கேள்வி: பழைய அறிவியல் புனைகதைகளில் பிறர் மனதைப் படிப்பவர்கள் ஏன் தனி இனமாகவே வருகிறார்கள்?

பதில்: அந்த ஆற்றலைக் கல்வியாக அல்ல, பரம்பரைச் சொத்தாக எழுதியதால்தான். ‘நல்ல’ பரம்பரையைத் தேர்ந்து பெருக்கி மனிதரை மேம்படுத்தலாம் என்ற கொள்கைக்கு ‘யூஜெனிக்ஸ்’ என்ற சொல்லை ஆங்கிலேய அறிஞர் கால்டன் உருவாக்கியது 1883இல். ‘தகுதியற்றவர்’ எனப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1927இல் தீர்ப்பளித்தது. அதே எண்ணம் கதைகளிலும் வந்தது: இ.இ. ஸ்மித்தின் ‘லென்ஸ்மேன்’ நாவல் வரிசையில், பொலிகாளை தேர்வதுபோல வேற்றுக்கோள் அறிவாளிகள் தலைமுறை தலைமுறையாக ரத்தவழிகளைச் சேர்த்து, கடைசியில் மனோசக்தி மிக்க ஐந்து குழந்தைகளைப் பிறக்கச் செய்கிறார்கள்.

எந்தக் கதையானாலும் ஆற்றல் எப்படி வருகிறது, யார் யாரை மணக்கலாம், அது இல்லாதவர் கதி என்ன என்று பாருங்கள். மூன்றாவதில்தான் பெரும்பாலும் குட்டு உடையும். வேன் வோட்டின் ‘ஸ்லான்’ (1940) நாவல், வேட்டையாடப்படும் சிறுபான்மையினரான, மனதைப் படிக்கும் ஸ்லான்களின் கதை; நாயகனான ஸ்லான் சிறுவனின் பயம் நெஞ்சைத் தொடும். முடிவிலோ சாதாரண மனிதர் மலடாகி மறைய, ஸ்லான்கள் அவர்கள் இடத்துக்கு வருவார்கள் என்கிறது. அவனும் மனிதன் என்பதற்காக அல்ல, உயர்ந்த பிறவி என்பதற்காகவே அவன் பக்கம் நிற்கச் சொல்கிறது. இதை ஒடுக்குமுறைக்கு எதிரான கதை என்று முழுமனதோடு சொல்ல முடியாது.

கேள்வி: டியூக் பல்கலைக்கழகச் சோதனைகள் டெலிபதியை நிரூபித்தனவே?

பதில்: இல்லை. அங்கே அவற்றை நடத்திய ஆய்வாளர் ரைன் பயன்படுத்தியது 25 சீட்டுகள்; மறைத்து வைத்த சீட்டின் உருவத்தைச் சொல்ல வேண்டும்; ஐந்து உருவங்கள், ஒவ்வொன்றும் ஐந்து முறை. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே சராசரியாக 5 சரியாக வரும். தொடக்ககாலச் சீட்டுகள் சிலவற்றில் உருவம் பின்பக்கமாகவே தெரிந்தது. வேறு ஆய்வகங்களில் திரும்பச் செய்தபோது அந்த முடிவுகள் நிற்கவில்லை. ஆனாலும் ‘அஸ்டௌண்டிங்’ என்ற அறிவியல் புனைகதை இதழின் ஆசிரியர் ஜான் கேம்ப்பெல் 1950களில் இத்தகைய மனோசக்தியை ‘சயானிக்ஸ்’ என்ற பெயரில் தூக்கிப் பிடித்தார். அடிமை முறைக்குப் பரிந்து தலையங்கம் எழுதியவரும் அவரே. கறுப்பின நாயகனை வாசகர் ஏற்கமாட்டார்கள் என்று எழுத்தாளர் டிலேனியின் ‘நோவா’ நாவலைத் திருப்பி அனுப்பியவரும் அவரே.

கேள்வி: இதில் சென்னை அடையாற்றுக்கும் பங்கு உண்டாமே?

பதில்: உண்டு. புல்வர்-லிட்டன் 1871இல் எழுதிய நாவலில் ‘வ்ரில்’ என்ற ஆற்றலை ஆளும் நிலத்தடி மக்கள் வருகிறார்கள். அவர்களை ஆரியரின் உறவினராகவே காட்டினார். அந்த வ்ரிலை உண்மை என்று ஏற்ற பிளவாட்ஸ்கி அம்மையாரின் மறைஞான இயக்கமான பிரம்மஞான சபை (தியோசாபிகல் சொசைட்டி) 1882இல் அடையாற்றில் தலைமையகம் அமைத்தது. 1888இல் வந்த அவருடைய ‘ரகசியக் கோட்பாடு’ மனிதரை மூல இனங்களாக வரிசைப்படுத்தியது: மூன்றாவது லெமூரியர், ஐந்தாவது ஆரியர். மூன்றாம் கண்ணை லெமூரியருக்குக் கொடுத்ததும் அந்நூல்தான். குமரிக்கண்டத்தோடு நாம் சேர்த்துச் சொல்லும் லெமூரியாவும் இதே பெயர்தான். லெமூர் விலங்குகளின் பரவலை விளக்க, இருந்திருக்கலாம் என்று கருதிய ஒரு நிலப்பரப்புக்கு 1864இல் விலங்கியலாளர் ஸ்கிளேட்டர் வைத்த பெயர் அது.