சரளி வரிசைக்கு முன்னால் பம்பை வரலாமா?

கேள்வி: குடியாத்தம் பக்கத்துக் கிராமத்தில் அரசு நடுநிலைப் பள்ளியில் பகுதிநேர இசை ஆசிரியையாக இருக்கிறேன். வாரத்தில் மூன்று அரை நாள்தான் வகுப்பு. சரளி வரிசை என்கிற முதல் ஸ்வரப் பயிற்சியை ஆரம்பித்தாலே பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள், ஆனால் கோயிலில் பம்பை மேளம் அடித்தால் பெஞ்சில் அச்சுப் பிசகாமல் தட்டுகிறார்கள். ஊர்ப் பாட்டை வைத்தே சொல்லிக்கொடுத்தால் அடிப்படை கெட்டுவிடுமா?

பதில்: கெடாது டீச்சர். அடிப்படை ஏற்கெனவே அவர்கள் காதில் இருக்கிறது, நீங்கள் அதற்குப் பெயர் வைக்கப் போகிறீர்கள், அவ்வளவுதான்.

நம் வட ஆற்காட்டுப் பக்கம் பிள்ளைகள் எப்படிப் பாட்டுக் கற்கிறார்கள் என்று பாருங்கள். திரௌபதி அம்மன் கோயில் கூத்தில் வேஷக்காரர் ஓர் அடி பாடுவார், பின்பாட்டுக்காரர்கள் அதையே வாங்கிப் பாடுவார்கள். மார்கழியில் பஜனைக் கோயில் தெருவில் விடியற்காலையில் நடப்பதும் அதேதான், ஜால்ரா கையில் கிடைக்காதா என்று ஏங்கும் வாண்டு முதல் ஆர்மோனியப் பெட்டி வாசிக்கும் தாத்தா வரை எல்லாரும் கேட்டு, திருப்பிப் பாடி, தப்பு விட்டு, மறுநாள் சரிசெய்துகொண்டவர்கள். உங்கள் வகுப்பையும் அப்படியே நடத்துங்கள். நோட்டில் எழுதவைப்பதை முதல் இரண்டு மாதம் மறந்துவிடுங்கள்.

அப்புறம் லயம். மூன்று, நான்கு, ஐந்து என்று பிரிக்க, தகிட, தகதிமி போன்ற ஜதிச் சொற்களைச் சொல்வதற்கு முன் மரத்தின் பேரைச் சொல்லச் சொல்லுங்கள். முருங்கை என்றால் தகிட, பனமரம் என்றால் தகதிமி, புளியமரம் என்றால் தகதகிட. பாதிப் பேர் முருங்கை, மீதிப் பேர் பனமரம் என்று சேர்ந்து தட்டும்போது எங்கே மறுபடி ஒன்றாக விழுகிறது என்று கேளுங்கள். பன்னிரண்டாவது தட்டு முடிந்ததும் என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். கணக்கு வாத்தியாரும் சந்தோஷப்படுவார்.

கூத்தில் இன்னொரு நல்ல வசதி உண்டு. விருத்தம் தாளம் இல்லாமல் வரும், தரு என்கிற பாட்டு தாளத்தோடு வரும். ராகம் வேறு, தாளம் வேறு என்று நாம் அரை மணி நேரம் பேசிப் புரியவைப்பதை ஒரு விருத்தமும் ஒரு தருவும் பாடிக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

ஸ்வரத்துக்குப் பாட்டியிடம் போங்கள். நடவுப் பாட்டோ தாலாட்டோ ஒன்று கேட்டு வரச் சொல்லுங்கள். பெரும்பாலும் நாலைந்து ஸ்வரத்துக்குள்ளேயே சுற்றும். வார்த்தையை எடுத்துவிட்டு ‘ஆ’ என்று அகாரத்தில் பாடவைத்து, பிறகு ஸ்வரத்தைப் பலகையில் எழுதுங்கள். அதற்குப் பிறகு சரளி வரிசைக்கு வாருங்கள். அதை வழக்கமாகப் பாடும் மாயாமாளவகௌளை ராகத்தின் சின்ன ரிஷபம், அதாவது ‘ஸ’வை ஒட்டியே வரும் ‘ரி’, நம் பிள்ளைகள் காதுக்குச் சட்டென்று பிடிபடாது. முதலில் சங்கராபரணத்தில் பாடவிட்டால் என்ன குறைந்துவிடும்? பெரியவர்கள் கோபித்துக்கொள்ளலாம், எனக்கு அது சரியாகத்தான் படுகிறது.

ஒன்றை மட்டும் கூத்திலிருந்து எடுக்காதீர்கள், அந்தச் சுருதியை. ஊர்க் கோடிவரை கேட்க மேல் ஸ்தாயியில் கத்திப் பாடிப் பழகிய தொண்டை அது. பிள்ளைகள் அப்படியே பாடினால் தொண்டை கட்டிக்கொள்ளும். இறக்கிப் பாடவையுங்கள். ஏழாம், எட்டாம் வகுப்புப் பையன்களுக்குக் குரல் உடைகிற நேரம், அவர்களை வற்புறுத்தாமல் தாளத்துக்கு விடுங்கள்.

பம்பைக்காரரைப் பள்ளிக்கு அழைப்பதானால் சாமியை அழைத்துப் பாடும் வர்ணிப்பு வேண்டாம், அடி மட்டும் போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் சொல்ல மறந்துபோய், ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்றுக்கு அருள் வந்து, ஓடிப்போய் விபூதி தேட வேண்டியதாயிற்று. பள்ளிவாசலுக்கும் சர்ச்சுக்கும் போகிற பிள்ளைகளும் உட்கார்ந்திருப்பார்கள், அதற்காகவும்தான்.

வருகிறவருக்கு நாற்காலி போட்டு, மற்ற விருந்தினருக்குப் போலவே மரியாதை செய்து, பஸ் காசுக்கு மேல் சன்மானமும் கொடுங்கள். பறையோ பம்பையோ யார் அடிப்பது என்று வரும்போது கை தூக்குகிற பிள்ளையிடம் கொடுங்கள். ‘உங்க அப்பா அடிப்பாரே, நீ வா’ என்று எந்தப் பிள்ளையையும் கூப்பிட்டுவிடாதீர்கள். அந்தப் பிள்ளை அதற்கப்புறம் உங்கள் வகுப்புக்கே வராது.