20 டிகிரிச் சான்றிதழ் 150 டிகிரியில் செல்லாது

கேள்வி: எடைக் கணக்கில் 40 சதவீதம் எத்தனால் கலந்த நீரின் அடர்த்தியை 150 டிகிரி செல்சியஸ், 100 பார் அழுத்தத்தில் அளக்க வேண்டும். அறை வெப்பநிலைக் கருவியே போதும், மிச்சத்தை மென்பொருள் கணக்கிட்டுவிடும் என்கிறார் விற்பனையாளர். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். இரண்டு திரவங்களின் அடர்த்தியையும் விகிதப்படி சேர்த்துச் சராசரி எடுப்பதைத்தான் இத்தகைய மென்பொருள்கள் பல செய்கின்றன. 20 டிகிரியிலேயே 50 மில்லி நீரும் 50 மில்லி எத்தனாலும் சேர்ந்தால் 100 வருவதில்லை, ஏறத்தாழ 96.5 மில்லிதான் வருகிறது. அந்தச் சுருக்கம் வெப்பநிலையோடும் அழுத்தத்தோடும் மாறும். அளந்துதான் அறிய வேண்டும்.

உங்களுக்குத் தேவை உலோக அதிர்வுக் குழாய் அடர்த்திமானி. வளைந்த குழாய்க்குள் திரவம் நிரம்பி நிற்கும், கருவி குழாயை அதிரவைத்து அந்த வேகத்திலிருந்து அடர்த்தியைச் சொல்லும். கனமான திரவம் என்றால் அதிர்வு மெதுவாகும். ஆனால் சூடேறினால் வெறும் குழாயே இளகி மெதுவாகத்தான் அதிரும். அழுத்தமும் அதன் வடிவத்தை மாற்றும். ஆகவே அளவுத்திருத்தத்தை, அதாவது அடர்த்தி தெரிந்த பொருள்களை வைத்துக் கருவியைச் சரிபார்ப்பதை, அதே 150 டிகிரியில், அதே 100 பாரில், நீரையும் நைட்ரஜனையும் வைத்துச் செய்ய வேண்டும். இடைத்தரகர்கள் நீட்டும் அளவுத்திருத்தச் சான்றிதழில் பெரும்பாலும் 20 டிகிரிதான் இருக்கும். தணிக்கைக்கு வருபவர்களோ முத்திரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். எந்த வெப்பநிலைக்கு என்று ஒருவரும் கேட்பதில்லை. எத்தனை வருடமாகச் சொல்லியும் இது மாறவில்லை.

இன்னொரு பொறி, காற்று. எத்தனாலை நீரில் ஊற்றிய சில நொடிகளில் குடுவை முழுக்கப் பொடிக் குமிழிகள் எழும்புவதைப் பார்த்திருப்பீர்கள். எத்தனாலில் கரைந்திருந்த காற்று அது. ஒரு குமிழி குழாயில் சிக்கினாலும் அளவு கெடும். கலவையை வெற்றிடத்தில் வைத்துக் காற்றை உறிஞ்சாதீர்கள், காற்றோடு எத்தனாலும் போய்விடும், 40 சதவீதம் 40 ஆக இருக்காது. இரண்டையும் தனித்தனியே காற்று நீக்கி, எடைபோட்டு, மூடிய கலனில் கலந்துவிடுங்கள். மில்லிலிட்டர் கணக்கில் கலக்கவே கூடாது.

உங்கள் கலவைக்குப் பொருந்தாத ஒரு நிலையையும் சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் அங்கேதான் வழுக்குகிறார்கள். திரவத்துக்கும் ஆவிக்கும் வேறுபாடே மறைந்துபோகும் புள்ளியை மாறுநிலை என்பார்கள். எத்தனாலின் மாறுநிலை வெப்பநிலை சுமார் 241 டிகிரி, மாறுநிலை அழுத்தம் ஏறத்தாழ 61 பார். எத்தனால் மிகுந்த கலவையை அதை ஒட்டிய நிலையில் அளந்தால், அழுத்தமானி சற்றே பிசகினாலும் அடர்த்தி எங்கோ தாவிவிடும். அங்கே அடர்த்திமானியைவிட அழுத்தமானிக்கும் வெப்பமானிக்கும்தான் முதலில் செலவழிக்க வேண்டும். நீங்கள் 150ஐத் தாண்டி மேலே போவதாக இருந்தால் இதை இப்போதே கணக்கில் எடுங்கள்.

பணம் கொடுக்கும் முன், உங்கள் எதிரிலேயே டொலுயீன் என்ற கரைப்பான் திரவத்தை நிரப்பி 150 டிகிரி, 100 பாரில் அளந்து காட்டச் சொல்லுங்கள். அதன் அடர்த்தி நன்கு தெரிந்த ஒன்று. மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள்.