டோக்கியோ ரோஸ் வழக்கு: கேள்வி பதில்

கேள்வி: டோக்கியோ ரோஸ் என்பவர் உண்மையில் யார், ஐயா?

பதில்: அப்படி ஒருவர் இருந்ததே இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வானொலியில் ஆங்கிலம் பேசிய பெண்கள் எல்லோருக்கும் அமெரிக்கச் சிப்பாய்கள் வைத்த பட்டப்பெயர் அது. பழி மட்டும் ஐவா தொகுரி என்ற ஒரே பெண்ணின் தலையில் விழுந்தது.

கேள்வி: அவர் அமெரிக்கராமே! எதிரி நாட்டு வானொலிக்கு ஏன் போனார்?

பதில்: 1916இல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தவர். நோயுற்ற உறவினரைக் கவனிக்க 1941 ஜூலையில் பாஸ்போர்ட் இல்லாமலே ஜப்பான் சென்றார். டிசம்பரில் இரு நாடுகளுக்கும் இடையே போர் மூண்டது, திரும்ப வழியில்லை. அமெரிக்கக் குடியுரிமையைத் துறக்கச் சொல்லி நெருக்கியபோது மறுத்தார். அதை மறந்துவிடக் கூடாது. ரேடியோ டோக்கியோவில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவரை, 1943 நவம்பரில், அமெரிக்கச் சிப்பாய்களின் மனவுறுதியைக் குலைக்க ஜப்பான் ஒலிபரப்பிய 'ஜீரோ அவர்' நிகழ்ச்சிக்கு இழுத்தவர் சார்ல்ஸ் கசின்ஸ். அந்த நிகழ்ச்சியில் வேலை செய்யக் கட்டாயப்படுத்தப்பட்ட ஆஸ்திரேலியப் போர்க்கைதியான அவர், பிரசாரத்தை உள்ளிருந்தே கேலிக்கூத்தாக்க நினைத்தார். அதற்கு ஐவாவின் கரகரத்த குரல் பொருத்தமாக இருந்தது. 'ஆர்ஃபன் ஆன்' என்ற பெயரில் அவர் இசைத்தட்டுகளை அறிமுகம் செய்தார். போர்க்கைதிகளுக்கு உணவும் மருந்தும் ரகசியமாகக் கொண்டுபோய்க் கொடுத்தவரும் அவரே.

கேள்வி: நான் சட்டக் கல்லூரி மாணவி. தேசத்துரோகத்தை எப்படி நிரூபித்தார்கள்?

பதில்: அமெரிக்க அரசமைப்பின்படி, ஒரே செயலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும், இல்லையேல் நீதிமன்றத்தில் ஒப்புதல் வாக்குமூலம் வேண்டும். 1949இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் எட்டுச் செயல்களைச் சுமத்தினார்கள். ஏழு நிற்கவில்லை. 1944 அக்டோபரில் ஒரு நாள், கப்பல்கள் மூழ்கியதைப் பற்றி மைக்கில் பேசினார் என்ற ஒன்றுக்காகப் பத்தாண்டு சிறை, 10,000 டாலர் அபராதம், குடியுரிமை பறிப்பு. இத்தனைக்கும், 1946இலேயே ஆதாரம் போதாதென்று விடுவிக்கப்பட்டவர் அவர். வால்டர் வின்செல் போன்ற ஊடகக்காரர்கள் எழுப்பிய கூச்சல்தான் வழக்குக்கு மறுபடி உயிர் கொடுத்தது.

கேள்வி: ஜெர்மன் வானொலியில் நாஜிப் பிரசாரம் செய்ததற்காகப் பிரிட்டன் தூக்கிலிட்ட வில்லியம் ஜாய்ஸும் இப்படிப்பட்டவர்தானா?

பதில்: இல்லை. அவர் விரும்பியே நாஜிகளிடம் போனவர். ஆனால் அவரும் நியூயார்க்கில் பிறந்தவர்; பொய் சொல்லி வாங்கிய பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டே, பிரிட்டனுக்கு விசுவாசமாக இருக்கும் கடமை அவருக்கு உண்டு என்று காட்டி அவரைச் சிக்கவைத்தது.

கேள்வி: ஐவாவுக்கு எதிரான சாட்சிகள் பின்னர் என்ன சொன்னார்கள்?

பதில்: முக்கியமான இருவர், மிரட்டலுக்குப் பயந்து பொய் சொன்னதாக 1976இல் சிகாகோ ட்ரிப்யூன் நிருபரிடம் ஒப்புக்கொண்டார்கள். அதற்குள் ஐவா ஆறு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்துவிட்டார். 1977 ஜனவரி 19 அன்று, பதவிக்காலம் முடிவதற்கு முந்தைய நாள், அதிபர் ஃபோர்டு அவருக்கு மன்னிப்பு வழங்கினார். குடியுரிமை திரும்பக் கிடைத்தபோது அவருக்கு வயது 60.